முதலில் சொன்னதா, கடைசியில் சொன்னதா: எது நினைவில் நிற்கும்?

ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான். புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கு 40 நிமிடப் பாதுகாப்பு வகுப்பு எடுக்க வேண்டும். மற்றவற்றை மறந்தாலும் மறக்கவே கூடாத செய்தி ஒன்று அதில் இருக்கிறது. அதைத் தொடக்கத்தில் சொல்வதா, முடிவில் சொல்வதா? உடன் பணியாற்றும் ஒருவர் ‘முதலில் கேட்டதுதான் மனத்தில் பதியும்’ என்கிறாராம். இன்னொருவர் ‘கடைசியாகக் கேட்டதுதான் காதில் நிற்கும்’ என்கிறாராம். இருவர் சொல்வதற்கும் ஆய்வுச் சான்று உண்டு. ஆனால் கேட்ட உடனே சோதிப்பதை மனத்தில் வைத்து ஒருவரும், நாள் கழித்துச் சோதிப்பதை வைத்து மற்றவரும் பேசுகிறார்கள் என்பதை இருவரும் கவனிக்கவில்லை. என் கருத்தில், முதலா கடைசியா என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இதற்குள் மறைந்திருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் நினைவைப் பற்றிய அடிப்படையான சில செய்திகளைப் பார்த்துவிடலாம்.

கீழே உள்ள பட்டியலை ஒரே ஒருமுறை, நிதானமாக, திரும்பிப் பார்க்காமல் வாசியுங்கள். கதவு, மேகம், ஊசி, குதிரை, நிழல், பாலம், கயிறு, 732, தேனீ, படிக்கட்டு, சாவி, மணல், கண்ணாடி, இறகு, கடிகாரம்.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு, எந்த வரிசையிலாயினும் சரி, நினைவுக்கு வருபவற்றைச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலோர் ‘கடிகாரம், இறகு’ என்று வாலிலிருந்து தொடங்குவார்கள், பிறகு தாவிப் போய் ‘கதவு, மேகம்’ என்பார்கள், அதன்பின் தயங்குவார்கள். வகுப்பறைகளில் இதைப் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன். யார் எவ்வளவு நினைவு வைத்திருக்கிறார்கள் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. எந்தப் பகுதியைத் தவறவிடுகிறார்கள் என்பது மட்டும் பெரிதாக மாறுவதில்லை. பட்டியலில் ஒரு சொல் எத்தனையாவது இடத்தில் இருந்தது, அதை எத்தனை பேர் நினைவுகூர்ந்தார்கள் என்று வரைபடம் போட்டால், இரு ஓரமும் உயர்ந்து நடுப்பகுதி தாழ்ந்த ஒரு வளைவு கிடைக்கிறது. இதைத் தொடர்நிலை விளைவு என்கிறார்கள். முன் ஓரத்தின் உயர்வுக்கு முதன்மை விளைவு என்றும், பின் ஓரத்தின் உயர்வுக்கு அண்மை விளைவு என்றும் பெயர். 1962இல் பென்னட் மர்டாக் 10 சொல் முதல் 40 சொல் வரை பல நீளமுள்ள பட்டியல்களைக் கொண்டு சோதித்தபோது, பட்டியல் எவ்வளவு நீண்டாலும் இரு ஓரமும் அப்படியே இருக்க, இடையிலுள்ள தாழ்வான சமவெளி மட்டும் நீண்டுகொண்டே போனது. ஒரு மணி நேரப் பேச்சை இரண்டு மணி நேரமாக்கினால் எந்தப் பகுதி கூடுகிறது என்பதை இதிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம்.

இரண்டு ஓரமும் பார்வைக்கு ஒன்றுபோல உயர்ந்திருந்தாலும் அவற்றை உயர்த்துகிற காரணம் ஒன்றல்ல. இதை அழகாகக் காட்டிய சோதனை 1966இல் முர்ரே கிளான்சரும் அனிதா குனிட்ஸும் நடத்தியது. பட்டியல் முடிந்தவுடன் ஒரு சாராரை நினைவுகூரச் சொன்னார்கள்; மற்றவர்களை 10 வினாடியோ 30 வினாடியோ எண்களை எண்ணிக்கொண்டிருக்க வைத்து, அதன் பிறகே கேட்டார்கள். 30 வினாடி கடந்ததும் கடைசிச் சொற்களுக்கு இருந்த சலுகை முழுவதும் போய்விட்டது. முதற்சொற்களுக்கு இருந்த சலுகைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே ஆய்வின் வேறொரு பகுதியில், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே கூடுதல் நேரம் விட்டுப் படித்தார்கள். அப்போது முதற்சொற்களும் நடுச்சொற்களும் கூடுதலாக நினைவில் நின்றன. கடைசிச் சொற்களுக்கு அதனால் எந்த ஆதாயமும் இல்லை. ஒன்றைத் தொட்டால் மற்றது அசையவில்லை என்றால் இரண்டும் வெவ்வேறு கயிற்றில் கட்டப்பட்டவை என்றுதானே பொருள்?

முதற்சொற்களை உயர்த்துவது ஒத்திகை. ‘கதவு’ என்று கேட்டவுடன் மனத்தில் வேறெதுவும் இல்லை. முழுக் கவனமும் அதற்கே கிடைக்கிறது. ‘மேகம்’ வரும்போது ‘கதவு, மேகம்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறோம். ‘ஊசி’ வரும்போது மூன்றையும் சொல்கிறோம். ‘தேனீ’ வரும்போது மனத்தில் கூட்டம் நிரம்பி வழிகிறது. அதற்கு ஒரு முறைகூட முழுதாக இடம் கிடைப்பதில்லை. 1971இல் டியூயி ரண்டஸ், சோதனைக்கு வந்தவர்களை மனத்திற்குள் சொல்லிக்கொள்வதை வாய்விட்டுச் சொல்லச் செய்து, எந்தச் சொல் எத்தனை முறை உச்சரிக்கப்பட்டது என்று எண்ணினார். முதற்சொற்கள் மிகப் பலமுறை உச்சரிக்கப்பட்டிருந்தன. கடைசிச் சொற்களோ மிகச் சிலமுறையே உச்சரிக்கப்பட்டிருந்தும் நன்றாக நினைவுக்கு வந்தன. அவை இன்னும் மனத்தின் மேற்பரப்பிலேயே இருந்தன. தேடி எடுக்க வேண்டிய தேவையே எழவில்லை. மறதி நோயாளிகளிடமும் இந்தப் பிரிவினை தெரிகிறது. ஆலன் பேட்லியும் எலிசபெத் வாரிங்டனும் 1970இல் வெளியிட்ட ஆய்வில், புதிய நினைவுகளை உருவாக்க முடியாத நோயாளிகள் கடைசிச் சொற்களை மற்றவர்களைப் போலவே சொன்னார்கள். அதற்கு முந்தையவற்றில்தான் பின்தங்கினார்கள்.

இதைக் கொண்டு ‘முதற்சொல் நீண்டகால நினைவகத்தில் இருக்கிறது, கடைசிச் சொல் குறுகிய கால நினைவகத்தில் இருக்கிறது’ என்று கதையை முடித்துவிடலாம். பல பாடப்புத்தகங்கள் அப்படித்தான் முடிக்கின்றன. ஆனால் உண்மை அவ்வளவு எளிதில் அடங்குவதாக இல்லை. 1974இல் ராபர்ட் பியோர்க்கும் வில்லியம் விட்டனும், பட்டியல் முடிந்த பிறகு மட்டும் அல்லாமல், ஒவ்வொரு சொல்லுக்கும் இடையிலும் மனத்தை வேறு வேலையில் ஈடுபடுத்திப் பார்த்தார்கள். குறுகிய கால நினைவகத்தில் எதுவும் தங்கியிருக்க வழியே இல்லை. இருந்தும் கடைசிச் சொற்களின் சலுகை திரும்பி வந்துவிட்டது. 1977இல் பேட்லியும் கிரகாம் ஹிட்சும் ரக்பி விளையாட்டு வீரர்களிடம், அந்தப் பருவத்தில் எந்தெந்த அணிகளோடு ஆடினீர்கள் என்று கேட்டார்கள். இங்கே இடைவெளி வினாடிகளில் இல்லை, வாரங்களில் இருக்கிறது. அங்கும் அண்மை விளைவு தெளிவாகத் தெரிந்தது. இடையில் எத்தனை நாள் கழிந்தது என்பதைவிட எத்தனை ஆட்டங்கள் வந்து புகுந்தன என்பதே மறதியைத் தீர்மானித்தது.

இதற்கு ராபர்ட் கிரௌடர் சொன்ன உவமை எனக்கு மிகவும் பிடிக்கும். சாலையோரமாகச் சம இடைவெளியில் நட்ட தொலைபேசிக் கம்பங்களை ஒரு முனையில் நின்று பார்த்தால், அருகில் உள்ள கம்பங்கள் தனித்தனியாகத் தெரியும். தொலைவில் உள்ளவை ஒன்றோடொன்று நெருங்கி ஒரே கோடாகத் தோன்றும். கடைசியாகக் கேட்டது எளிதாகக் கிடைப்பது அது அருகில் இருக்கிறது என்பதால் மட்டுமன்று. பக்கத்துக் கம்பத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடிகிறது என்பதால். நாம் நடந்து தொலைவுக்குப் போய்விட்டால் அந்தக் கம்பமும் கூட்டத்தில் கரைந்துவிடும். ஆகவே கடைசி என்பது நிரந்தரமான பதவி அல்ல. அடுத்த வகுப்பும், அதற்கடுத்த தேநீர் இடைவேளைப் பேச்சும், அன்று மாலை நடந்தவையும் சேரச் சேர, நேற்றைய கடைசி இன்றைக்கு எங்கோ ஓரிடத்தில் நடுவாகிவிடுகிறது.

இப்போது உடன் பணியாற்றும் இருவரின் வழக்கைத் தீர்த்துவிடலாம். இந்தக் கேள்விக்கு நேராகவே பொருந்துகிற சோதனை ஒன்றை 1959இல் நார்மன் மில்லரும் டொனால்டு கேம்ப்பெலும் செய்தார்கள். பழுதான கருவி ஒன்றால் ஏற்பட்ட பாதிப்புக்கு இழப்பீடு கோரிய வழக்கின் வாதங்களை இரு தொகுதிகளாக்கி, ஒரு தரப்பு முழுவதையும் முதலிலும் மறுதரப்பு முழுவதையும் அடுத்தும் கேட்கச் செய்தார்கள். இரண்டையும் இடைவெளியின்றிக் கேட்டவர்களிடம் ஒரு வாரம் கழித்துக் கருத்துக் கேட்டபோது, முதலில் பேசிய தரப்பின் பக்கம் சாய்ந்தார்கள். ஒரு தரப்பைக் கேட்டு, ஒரு வாரம் விட்டு, மறுதரப்பைக் கேட்ட உடனேயே கருத்துச் சொன்னவர்கள், கடைசியாகப் பேசிய தரப்பின் பக்கம் சாய்ந்தார்கள். இரண்டையும் தொடர்ந்து கேட்டு உடனே சொன்னவர்களிடமும், இடையில் ஒரு வாரமும் பின்னால் ஒரு வாரமும் விட்டுச் சொன்னவர்களிடமும் வரிசை குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் செய்யவில்லை. ஆக, எது வெல்லும் என்பதை இரண்டு இடைவெளிகள் தீர்மானிக்கின்றன: முதலுக்கும் கடைசிக்கும் இடையே உள்ளது ஒன்று, கடைசிக்கும் நினைவு தேவைப்படும் தருணத்துக்கும் இடையே உள்ளது மற்றொன்று. வகுப்பு முடிந்து கதவைத் தாண்டியவுடன் செய்ய வேண்டிய செயல் என்றால் கடைசியில் சொல்வது நியாயம். மூன்று வாரம் கழித்து, அதுவும் பதற்றத்தில், நினைவுக்கு வர வேண்டியது என்றால் கடைசியில் சொன்னதன் சலுகையை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. பாதுகாப்பு வகுப்பின் செய்தி பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்ததுதான்.

இனி, மறைந்திருக்கும் பெரிய கேள்வி என்று நான் சொன்னதற்கு வருகிறேன். பட்டியலில் உள்ள சொற்கள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. கதவுக்கும் மேகத்துக்கும் உறவு கிடையாது. ஆனால் மனிதர்கள் ஒருவருக்கொருவர் சொல்வது பட்டியல் அன்று. முதலில் சொன்னது அடுத்துச் சொல்வதற்குப் பொருள் கொடுக்கிறது. பின்வரும் பத்தியை வாசித்துப் பாருங்கள்.

‘முதலில் அது நகராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் முழுவதும் கழற்றிவிடாமல், சற்றே தளர்த்திய பிறகுதான் தூக்க வேண்டும். தூக்கிய பின் தளர்த்த முயன்றால் அது சுழன்றுகொண்டே இருக்கும். பழையதை எடுத்துவிட்டு மற்றதை வைத்தபின், அடுத்தடுத்து இருப்பவற்றை வரிசையாக இறுக்காமல், எதிரெதிராக இருப்பவற்றை மாற்றி மாற்றி இறுக்குவது நல்லது. இறக்கிய பிறகு இன்னொரு முறை இறுக்கத் தவறக் கூடாது.’

இதில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. வாக்கியங்களும் சரியாகவே இருக்கின்றன. இருந்தும் பிடிபடவில்லை. இப்போது ‘காற்றிறங்கிய கார்ச் சக்கரத்தை மாற்றுதல்’ என்ற தலைப்பைச் சொல்கிறேன். மேலே போய் மறுபடி வாசித்தால் ஒவ்வொரு வாக்கியமும் தன் இடத்தில் போய் உட்காரும். ஆனால் மறுபடி வாசிக்க வாய்ப்பில்லாமல், காதால் ஒருமுறை மட்டும் கேட்டிருந்தால் என்ன ஆகும்? இதைத்தான் ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் மார்சியா ஜான்சனும் 1972இல் வேறொரு பத்தியைக் கொண்டு சோதித்தார்கள். ஒரு குழுவுக்குத் தலைப்பே சொல்லவில்லை. ஒரு குழுவுக்குப் பத்தியைப் படித்து முடித்த பிறகு சொன்னார்கள். ஒரு குழுவுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். பத்தியில் 18 கருத்துகள் இருந்தன. முன்கூட்டியே தலைப்பு அறிந்தவர்கள் சராசரியாக 6க்குச் சற்றுக் குறைவான கருத்துகளை நினைவுகூர்ந்தார்கள். தலைப்பே அறியாதவர்கள் நினைவுகூர்ந்தவை 3ஐக்கூட எட்டவில்லை. கவனிக்க வேண்டியது நடுக் குழுவைத்தான். தலைப்பைப் பிறகு கேட்டவர்கள், தலைப்பையே கேளாதவர்களைவிடச் சற்றும் மேலாக இல்லை.

தலைப்பை முன்னால் கேட்ட குழுவுக்கும் பின்னால் கேட்ட குழுவுக்கும் சொன்ன செய்தியில் குறைவில்லை. தலைப்பும் பத்தியும் இடம் மாறியதுதான் வேறுபாடு. அதற்கே நினைவு பாதியாகிவிட்டது. வாசகரை ஆவலோடு காத்திருக்க வைத்து, முடிவில் முடிச்சை அவிழ்ப்பது கதைக்கு நல்ல உத்தி. விளக்கிச் சொல்லும் பேச்சில் அதைக் கையாளுபவர்கள், கேட்பவர்கள் முதல் பத்து நிமிடத்தில் கேட்டதையெல்லாம் எங்கே வைப்பது என்று தெரியாமல் கீழே போட்டுவிடுகிறார்கள் என்பதை அறிவதில்லை. அப்படிப் போட்டுவிட்டதைப் பின்னால் வரும் விளக்கம் திரும்ப எடுத்துத் தராது. நான் கேட்ட பயிற்சி உரைகளில் மிகுதியாகக் கண்ட குறை இதுதான்: ஒரு நிறுவனத்தின் வகுப்பில் விதிமுறைகள் பன்னிரண்டையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, அவை எந்த விபத்தைத் தடுப்பதற்காக உருவானவை என்பதைக் கடைசி நிமிடத்தில் சொன்னார்கள். விபத்தை முதலில் சொல்லியிருந்தால் பன்னிரண்டில் பாதியைக் கேட்பவர்களே ஊகித்திருப்பார்கள். தாமே ஊகித்ததை யாரும் எளிதில் மறப்பதில்லை.

முதலில் வருவது பின்வருவதன் பொருளையே திருப்பிவிடவும் கூடும். 1946இல் சாலமன் ஆஷ், ஒருவரைப் பற்றிய ஆறு பண்புகளைச் சொல்லி, அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார். ஒரு சாராருக்கு அறிவாளி, உழைப்பாளி, உணர்ச்சிவசப்படுபவர், குறைகாண்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர் என்ற வரிசை. மற்றவர்களுக்கு அதே ஆறு பண்புகள் தலைகீழ் வரிசையில். முதற்சாராரின் கண்ணில் அவர் சில குறைகளுள்ள திறமைசாலி; மற்றவர்களின் கண்ணில் திறமை இருந்தும் குறைகளால் கெட்டுப்போனவர். ‘அறிவாளி’க்குப் பின் வரும் பிடிவாதம் கொள்கை உறுதியாகத் தோன்றுகிறது, ‘பொறாமைக்காரர்’ என்பதை ஒட்டி வரும் பிடிவாதம் வீம்பாகத் தோன்றுகிறது. இங்கே ஒரு நுணுக்கமும் உண்டு. 1963இல் நார்மன் ஆண்டர்சனும் ஸ்டீபன் ஹூபர்ட்டும் இதே போன்ற பட்டியலைப் படித்துக் காட்டி, மனப்பதிவையும் கேட்டார்கள், பண்புச் சொற்களை நினைவுகூரவும் சொன்னார்கள். மனப்பதிவு முதற்சொற்களைச் சார்ந்திருந்தது. நினைவுக்கு நன்றாக வந்தவையோ கடைசிச் சொற்கள். ஒருவரைப் பற்றி நாம் கொண்ட கருத்தும், அந்தக் கருத்துக்கு ஆதாரம் என்று நாம் இன்று எடுத்துச் சொல்லக்கூடிய செய்திகளும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது எனக்கு இன்றும் சற்றுத் திகைப்பூட்டும் முடிவு.

தவறான செய்தி முந்திக்கொண்டால் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. ஹோலின் ஜான்சனும் கொலீன் சீஃபர்ட்டும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கிடங்கில் தீப்பிடித்ததைப் பற்றிய செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கக் கொடுத்தார்கள். பெயின்ட்டும் எரிவாயு உருளைகளும் ஓர் அறையில் இருந்ததாக முதலில் ஒரு செய்தி. பிறகு, அந்த அறை காலியாகவே இருந்தது என்று திருத்தம். திருத்தத்தைப் படித்ததாகச் சொன்னவர்களே, கரும்புகை ஏன் எழுந்தது என்று கேட்டபோது பெயின்ட்டைக் காரணம் காட்டினார்கள். தீக்கு வேறொரு காரணத்தையும் சேர்த்துச் சொன்னபோதுதான் பழைய காரணத்தின் பிடி தளர்ந்தது. முதலில் வந்த செய்தி மற்ற செய்திகளைத் தாங்கும் தூணாகிவிடுகிறது. தூணை எடுக்க வேண்டுமானால் அந்த இடத்தில் வேறு தூணை நிறுத்தியாக வேண்டும். ‘பலரும் இப்படி நினைக்கிறார்கள், ஆனால் அது தவறு’ என்று வகுப்பைத் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லாததற்குக் காரணம் இதுதான்.

நடுவில் சிக்கிக்கொண்ட செய்திக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பக்கம் எதையும் திருப்பாமல் இப்போது சொல்லுங்கள்: தொடக்கத்தில் வாசித்த பட்டியலில் எவை நினைவில் இருக்கின்றன? ‘இறகு’ போயிருக்கலாம். ‘கடிகாரம்’கூட ஐயத்துக்குரியது. ‘கதவு’ இருக்கும், அதை நானும் இடையில் ஓரிரு முறை எடுத்துச் சொல்லி உதவியிருக்கிறேன். ஆனால் ஓர் எண் இருந்ததே, அது? எண்ணே மறந்திருந்தாலும், எண் ஒன்று இருந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். அது பட்டியலின் நட்டநடுவில், எட்டாவது இடத்தில் இருந்தது. ஒரே வகையான பொருள்களுக்கிடையே வேறு வகையான ஒன்று வந்தால் அது தனித்து நினைவில் நிற்கும் என்பதை 1933இல் ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் காட்டினார். அந்த விளைவு அவர் பெயராலேயே வழங்குகிறது. கம்பங்களின் உவமையில் சொன்னால், தொலைவிலிருந்தாலும் சிவப்பு வண்ணம் பூசிய ஒற்றைக் கம்பம் கண்ணில் படும். எல்லாக் கம்பத்துக்கும் சிவப்புப் பூசினால் பயனில்லை என்பதைத்தான், படவில்லைகளில் வரிக்கு வரி தடித்த எழுத்தைப் பயன்படுத்துவோர் மறந்துவிடுகிறார்கள்.

நடுவை உடைப்பது இன்னொரு வழி. ஒரே வகைச் செய்தி அடுக்கடுக்காக வரும்போது முன்னது பின்னதைக் குழப்புகிறது. வகை மாறியவுடன் அந்தக் குழப்பம் நீங்கி நினைவு மீண்டும் துளிர்க்கிறது என்பதை டெலோஸ் விக்கன்ஸின் ஆய்வுகள் காட்டின. 40 நிமிடத்தை ஒரே ஓட்டமாக ஓட்டினால் ஒரு தொடக்கமும் ஒரு முடிவும்தான் உண்டு. உண்மையான மாற்றத்தோடு நான்கு பகுதிகளாக்கினால் ஓரங்களின் எண்ணிக்கை கூடுகிறது. ஆனால் ‘அடுத்த தலைப்புக்குப் போவோம்’ என்று வாயால் சொல்வது மாற்றமாகாது. கேட்பவர்கள் செய்யும் வேலை மாற வேண்டும். வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து பேச வேண்டிய முறை இருந்தால் அதிலும் ஒரு பொறி உண்டு: தன் முறைக்குச் சற்று முன்பு பேசியவர் சொன்னதை யாரும் சரியாக நினைவு வைத்திருப்பதில்லை. 1973இல் மால்கம் பிரென்னர் இதை ஆய்ந்து எழுதினார். தாம் சொல்லப்போவதை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருப்பவர் காதுக்கு அடுத்தவர் பேச்சு எட்டுவதில்லை.

கேட்பதற்கும் படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீண்ட விடைப் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அட்டையில் அச்சிட்டுக் காட்டும்போது மேலே உள்ளவை கூடுதலாகத் தேர்வாகின்றன. 1987இல் ஜான் கிராஸ்னிக்கும் டுவேன் ஆல்வினும் இதைக் காட்டினார்கள். வாயால் படித்துக் காட்டும்போது சாய்வு கடைசி விடைகளின் பக்கம் போவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. படிப்பவர் மேலிருந்து தொடங்கிச் சலிப்படைகிறார்; கேட்பவர் கையில் கடைசியாகக் காதில் விழுந்ததே மிஞ்சுகிறது. எனவே கைப்பிரதியின் வரிசையும் பேச்சின் வரிசையும் ஒன்றாகவே இருக்க வேண்டிய தேவையில்லை.

வாக்கியத்துக்குள்ளும் வரிசை உண்டு. தமிழில் எழுதுபவர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும் என்பது என் கருத்து. நம் மொழியில் வினை ஈற்றில் வருகிறது. ‘கூடாது’ என்ற சொல் அதற்கும் பின்னால் வருகிறது. ‘மின்சாரத்தைத் துண்டிக்காமல் மூடியைத் திறந்து உள்ளே கையை விடக் கூடாது’ என்ற வாக்கியத்தில், கேட்பவர் கடைசிச் சொல் வரும்வரை செய்யக் கூடாத செயலையே படிப்படியாக மனத்தில் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறார். ‘முதலில் மின்சாரத்தைத் துண்டியுங்கள். பிறகு மூடியைத் திறங்கள்’ என்றால் சொல்லும் வரிசையும் செய்யும் வரிசையும் ஒன்றாகிவிடுகின்றன. நிகழ்ந்த வரிசையிலேயே சொல்லப்பட்ட வாக்கியங்கள், முன்பின்னாகச் சொல்லப்பட்டவற்றைவிட நன்றாக நினைவில் நிற்பதை ஹெர்பர்ட் கிளார்க்கும் ஈவ் கிளார்க்கும் 1968இல் கண்டார்கள். வரிசையே நினைவாகிவிடும் என்பதற்கு உயிரெழுத்துகளே சான்று. ‘ஐ’க்கு முந்தைய எழுத்து எது என்று கேட்டால், பலர் ‘அ, ஆ’ என்று தொடங்கி ஓடி வந்துதான் ‘ஏ’ என்பார்கள். ஒவ்வோர் எழுத்தும் அடுத்ததைக் கைப்பிடித்து அழைக்கிறது, பின்னோக்கி அழைப்பதில்லை. ஒரு பாடலின் ஈற்றை அடுத்த பாடலின் முதலாக வைத்த அந்தாதி என்ற அமைப்பு, முன்னோக்கிய இந்தச் சங்கிலியைத்தான் பற்றிக்கொள்கிறது: முடித்த சொல்லே அடுத்த பாடலை எடுத்துக் கொடுத்துவிடும்.

ஆகவே அந்த 40 நிமிட வகுப்புக்கு நான் பரிந்துரைப்பது இது. மறக்கக் கூடாத செய்தி, மூடியைத் திறப்பதற்கு முன் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்பது என்று வைத்துக்கொள்வோம். வரவேற்பு, அறிமுகம், நிறுவன வரலாறு ஆகியவற்றில் முதல் ஐந்து நிமிடத்தைச் செலவிடாதீர்கள். ஒத்திகைக்கு மிகுந்த வாய்ப்புள்ள நேரம் அதுதான். துண்டிக்காமல் திறந்தால் என்ன நேரும், ஏன் நேரும் என்பதோடு தொடங்குங்கள். அடுத்து வரும் விதிகள் எல்லாம் அதன்மேல் வந்து அமரட்டும். நடுவில், பேச்சை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவரும் இயந்திரத்தின் அருகே போய்த் தம் கையாலேயே துண்டித்துப் பார்க்கட்டும். நடுப்பகுதியில் வேறுபட்டு நிற்பது அது ஒன்றாகவே இருக்கட்டும். முடிவில் நீங்கள் அதை மறுபடி சொல்ல வேண்டாம். மூடியைத் திறக்கும் முன் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, அவர்களைச் சொல்லச் செய்யுங்கள். ஒரு வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், அதே கேள்வியை இன்னொரு முறை கேளுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஒரே ஓர் இடம்தான் தர முடியும் என்றால், தொடக்கத்தைத் தேர்ந்தெடுப்பேன். கடைசி இடத்தைப் பொறுத்தவரை, இயந்திரத்தின் மூடிமேலேயே ஓர் அட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள்: கை வைப்பதற்கு முன் கண்ணில் படுவது அதுவாகத்தான் இருக்கும்.